சாயக்குஞ்சு

கண்ணை மூடிவிட்டது. இல்லை, பாதிதான் மூடியிருக்கிறது. கீழிமை மெதுவாக மேலே ஏறி, நடுவில் நின்று, என்னவோ ஞாபகம் வந்ததுபோல மறுபடி இறங்குகிறது. நமக்கு மேலிமை இறங்கும், இதற்குக் கீழிமை ஏறுகிறது. இதையெல்லாம் நான் எங்கே பார்த்தேன், கோழி என்ற பிராணியே இதுவரை நடை ஏறாத சைவ வீடு. செருப்பு வாங்கின அட்டைப்பெட்டி, அதற்குள் அண்ணனுடைய பழைய பனியன், பனியனுக்கு மேல் ரோஸ் சாயம் முக்கின ஒரு கோழிக்குஞ்சு. நேற்று வரைக்கும் இந்தச் சிமெண்டுத் தரையில் நகம் கீறக் கீற ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் கட்டிலுக்கடியில் நுழைந்து கத்தும், நான் சமையல்கட்டுக்குப் போனால் பின்னாலேயே வரும், மிதித்துவிடுவேனோ என்று காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து பழகிக்கொண்டேன். காலையில் பார்த்தால் நிற்கவில்லை. சிறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்து, அலகைப் பனியனில் ஊன்றி இருந்தது. நொய்யரிசி வைத்தேன், பார்க்கவில்லை. தண்ணீரில் அலகை முக்கினேன், ஒரு சொட்டு இறங்கியது, மறு சொட்டு மூக்கில் வந்து நின்றது. பிறகுதான் பல்பு யோசனை வந்தது. நான் வேலை பார்க்கிற கடையிலிருந்து கொண்டுவந்த பல்பு ஒன்று பரணில் கிடந்தது. நாற்காலி முதுகில் வயரைச் சுற்றிப் பெட்டிக்கு நேராகத் தொங்கவிட்டேன். குஞ்சுக்குப் பல்பு போட வேண்டும் என்பது யாருக்குத்தான் தெரியாது, பஸ்ஸில் போகும்போது பண்ணைக் கொட்டகைகளில் வரிசையாக எரிவதைப் பார்த்ததில்லையா. நல்ல வெள்ளை வெளிச்சம். ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிகிறது, சாயம் விட்டுப்போன இடத்தில் மஞ்சள் தெரிகிறது, வயிறு ஏறி இறங்குவது தெரிகிறது. இவ்வளவு வெளிச்சத்தில் இது ஏன் நடுங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை, கார்த்திகை மழை காலையிலிருந்து விட்டு விட்டுத் தூறுகிறது, சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. வழக்கமாக இந்த நேரம் நான் கொஞ்சம் தலையைச் சாய்ப்பேன். இன்றைக்குப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு குஞ்சுக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கட்டிலிலிருந்து அண்ணனும் பார்த்துக்கொண்டிருக்கிறான். இடது கையைத் தூக்கிப் பல்பைக் காட்டி, "ரைட்" என்கிறான். கண் கூசுகிறதாக்கும். "கொஞ்சம் பொறுத்துக்கோண்ணே, குஞ்சுக்கு வேணும்" என்றேன். "ரைட், ரைட்" என்று கையை ஆட்டினான். அவனிடம் மிஞ்சிய வார்த்தை அது ஒன்றுதான். கோவில்பட்டி டெப்போவில் கண்டக்டராக இருந்தான், எட்டயபுரம் போகிற டவுன் பஸ்ஸில் அவன் குரல் பின்படியிலிருந்து முன்படிக்கு ஓடும். ஒருநாள் டூட்டிக்குக் கிளம்பும்போது சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை, என்னைக் கூப்பிட வாயைத் திறந்தான், வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வலது கையும் காலும் போயிற்று, பேச்சு போயிற்று. ஆஸ்பத்திரியில் பல நாள் கழித்து நர்ஸ் ஊசியை எடுத்துக்கொண்டு நகர்ந்தபோது, "ரைட்" என்றான். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன், இனி ஒவ்வொன்றாக வந்துவிடும் என்று. வரவில்லை. தண்ணீர் வேண்டுமானாலும் ரைட், வேண்டாமென்றாலும் ரைட், ஒருநாள் காரணம் தெரியாமல் அழுதபோதும் அதையே சொல்லிச் சொல்லி அழுதான். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட இப்போது ஆள் இல்லை, பிரமு என்று மாடியிலிருந்து செய்யதம்மா அக்கா கூப்பிடுவதோடு சரி. மெல்ல மெல்ல அண்ணன் சுவரைப் பார்த்துப் படுக்க ஆரம்பித்தான். சோறு ஊட்டினால் இரண்டு வாய், அப்புறம் உதட்டை இறுக்கிக்கொள்வான், திரும்பிவிடுவான். நான் கடையிலிருந்து வரும்போது அவன் முதுகுதான் என்னைப் பார்க்கும். அப்படி இருந்தவனை, போன வாரம் மழை வெறித்த ஒரு காலையில், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்தால் மடியில் ரோஸ் நிறத்தில் ஒன்று தூங்குகிறது. அண்ணன் அசையாமல் இருக்கிறான், அது எழுந்துவிடக் கூடாதென்று. சைக்கிளில் குஞ்சு விற்க வந்தவன் விளையாட்டாக மடியில் விட்டிருக்கிறான், விட்டது திரும்ப எடுக்கத் தோதாக இல்லாமல் உறங்கிவிட்டது, அண்ணன் சட்டைப் பையைக் காட்டிக் காசை எடுத்துக்கொள் என்று சைகை செய்திருக்கிறான், மாடியிலிருந்து பார்த்த அக்கா சொன்னாள். என்னைப் பார்த்ததும் வாயின் நல்ல பக்கம் மட்டும் சிரித்தது. அன்றைக்கு ராத்திரி தட்டுச் சோறு முழுக்க உள்ளே போயிற்று. அன்றிலிருந்து சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை, திரும்பினால் குஞ்சு எங்கே போகிறது என்று தெரியாதே.

இப்போது இது செத்துப்போனால் திரும்பிவிடுவான். அது எனக்கு நன்றாகத் தெரியும். இந்த முறை திரும்பினால் இந்தப் பக்கம் வரமாட்டான். அப்படியானால் நான் எதற்கு இங்கே உட்கார்ந்திருக்கிறேன், ஏதாவது செய்ய வேண்டாமா, மாட்டாஸ்பத்திரி ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா, திறந்திருந்தாலும் பசுமாட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவில் செருப்புப் பெட்டியை நீட்டினால் என்ன சொல்வார்கள். மூச்சு நின்றதுபோல இருந்தது. குனிந்தேன். வயிறு ஏறியது. ஏறியதும் எனக்குள் ஒன்று, ஆறுதல் என்று நினைத்தேன், ஆறுதல் இல்லை, ஒரு சலிப்பு, இன்னும் முடியவில்லையா என்பதுபோல. போய்விட்டால் நல்லது. யார் நினைத்தது இதை. நான்தான், வேறு யார் இருக்கிறார்கள் இங்கே. குஞ்சைத்தான் நினைத்தேன், கஷ்டப்படுகிறதே என்று. குஞ்சைத்தானா. போய்விட்டால் நல்லது என்ற வாக்கியம் புதிதாக வந்ததுபோல இல்லை, ஏற்கனவே உள்ளே எங்கேயோ நடந்து பழகின மாதிரி நேராக வந்து உட்கார்ந்தது. காலையில் கடைக்குக் கிளம்புமுன் அண்ணனைத் துடைக்கும்போது வருமே, அதுவா. குழாயில் துண்டை நனைத்துப் பிழிந்து முகம், கழுத்து, அக்குள், முதுகு. துண்டு பட்டதும் தோளை உள்ளே இழுத்துக்கொள்வான், உடம்பே ஒரு முடிச்சாகும், "ரைட்" என்பான் பல்லுக்குள். என்மேல் அப்படி என்ன வெறுப்பு என்று எனக்கு ஆத்திரம் வரும், இன்னும் அழுத்தித் துடைப்பேன், பஸ்ஸுக்கு நேரமாகும். அந்த நேரத்தில் வருவதா இந்த வாக்கியம். இல்லை. நான் அப்படி இல்லை. ஒரு வேளை மருந்து தவறவிட்டது இல்லை, புண் வரவிட்டது இல்லை, டெப்போவிலிருந்து பார்க்க வந்தவர்கள் எல்லோரும் படுக்கை எவ்வளவு சுத்தம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் எல்லாம் செய்கிறேன். எல்லாம் செய்கிறவள் நினைக்கக் கூடாதா. நினைத்தால் நடந்துவிடுமா. குஞ்சைப் பார்த்தேன், ஏறியது, இறங்கியது, ஏறவில்லை, ஏறியது.

கதவு திறந்துதான் கிடந்தது. செய்யதம்மா அக்கா முக்காட்டில் தூறலோடு ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்தாள், பாசிப்பருப்புப் பாயசம், எங்களுக்கென்று தனிப் பாத்திரத்தில் செய்வாள். பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியை எட்டிப் பார்த்தாள். "ஏட்டி பிரமு, இந்தச் சாயக்குஞ்சுக்கா இம்புட்டு பண்டுவம்?" என்றாள். "காலைல இருந்து நிக்க மாட்டேங்குதுக்கா" என்றேன். "நிக்காது. இதெல்லாம் சேவக்குஞ்சுட்டி. முட்டை போடாதுன்னு பண்ணைக்காரன் ஒதுக்கித் தள்ளுதது. அதுக்குச் சாயத்தைப் பூசி, சைக்கிள்ல கொண்டாந்து, ஏமாந்த ஆளு தலையில கட்டிட்டுப் போறான்." கட்டிலிலிருந்து "ரைட்" என்று வந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பாத்தியா, கண்டக்டரே ஒத்துக்கிட்டாரு." அண்ணனும் நல்ல பக்கத்தால் சிரித்தான், உடனே இடது கையைத் தூக்கிப் பல்பைக் காட்டி, "ரைட், ரைட்" என்றான். "என்ன வேணுமாம்?" என்று அக்கா கேட்டாள். "லைட்டு கண்ணுல அடிக்காம்" என்றேன். "அடிக்கத்தான் செய்யும், கல்யாண வீடு மாதிரில்லா போட்டு வச்சிருக்கே." எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவள் எழுந்து, வாசலுக்குப் போய், செருப்பை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "போறது போகட்டும்ட்டி. நீ ஒருத்தி எத்தனையத்தான் கட்டிச் சுமப்பே." குஞ்சைச் சொன்னாள். குஞ்சைத்தான் சொன்னாள், அவள் நல்லவள், பாயசம் கொண்டுவந்தவள். ஆனால் எத்தனை என்றால் ஒன்று இல்லையே. இல்லக்கா என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், வாசலிலேயே சொல்லியிருக்கலாம். திரும்பியபோது அண்ணன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். காது அவனுக்கு நன்றாகக் கேட்கும். எல்லோரும் வாய் போனதும் காதும் போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள், நானும் சில நேரம் நினைத்துக்கொள்கிறேன். அவன் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் தேவலை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய், "பாயசம் குடிக்கியாண்ணே?" என்றேன். உதட்டை இறுக்கினான். வாக்கியம் எனக்குள் இருந்து கிளம்பி மாடியிலிருந்து இறங்கி வந்து, அவன் காதில் விழுந்து, இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பல்பு வெளிச்சத்தில் கிடக்கிறதுபோல இருந்தது.

தூறல் வலுத்தது. பின்பக்கக் கொடியில் அவன் வேட்டிகள் கிடந்தன, காலையில் வெயில் எட்டிப் பார்த்ததை நம்பிப் போட்டது. ஓடினேன். ஈர வேட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கையில் ரவிக்கை நனைந்து குளிர் ஏறியது, ஒரு நிமிஷம் உள்ளே போகத் தோன்றவில்லை. போகும்போது முடிந்திருக்கும். முடிந்திருந்தால் பெட்டியை மூடி, அண்ணனுக்குத் தெரியாமல், எப்படித் தெரியாமல், அவன் பார்த்துக்கொண்டேதானே இருக்கிறான். குஞ்சுக்கு உடம்பு தேறிவிட்டது, செய்யதம்மா அக்கா கொண்டுபோய் வளர்க்கிறாள் என்று சொன்னால். நம்புவான். நம்பமாட்டான். ரைட் என்பான், எனக்குத் தெரியாது எந்த ரைட் என்று. உள்ளே வந்தேன். பெட்டி சாய்ந்து கிடந்தது. அண்ணன் கட்டிலின் விளிம்புக்கு உருண்டு வந்து, விழுந்துவிடும் நிலையில், இடது கையைக் கழுத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தான். விரலிடுக்கில் ரோஸ் தெரிந்தது. "கொன்னுராதே!" என்று கத்திவிட்டேன். நான் கத்தினேனா, அவ்வளவு சத்தமாகவா. வேட்டிகளைக் கீழே போட்டுவிட்டு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன், அவன் விடவில்லை, இடது கைக்கு இப்போது இரண்டு கையின் பலம், "விடுண்ணே, நசுங்கிரும், சொன்னா கேளு." "ரைட். ரைட். ரைட்." கெஞ்சுகிற ரைட் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. எடுத்துவிட்டேன். அவன் கழுத்துக்குழியில் ரோஸ் கறை ஒட்டியிருந்தது. குஞ்சைப் பெட்டிக்குள் வைத்தேன், பல்புக்கு நேர் கீழே, வெளிச்சம் நன்றாக விழுகிற இடத்தில். என் கையில் இருந்தபோது கண் திறந்து இருந்தது, வைத்ததும் மூடியது. அண்ணனைப் புரட்டி நடுக்கட்டிலுக்குத் தள்ளினேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் தெரிந்திருக்குமோ என்னவோ. தள்ளிய வேகத்திலேயே அவன் மீதியையும் புரண்டுவிட்டான். சுவர்ப் பக்கம்.

வேட்டிகளைப் பொறுக்கி நாற்காலியில் விரித்தேன். அந்த முதுகு. எத்தனை நாள் ஆயிற்று இந்த முதுகைப் பார்த்து. பனியனுக்குள் தோள்பட்டை எலும்பு இரண்டும் சிறகு முளைக்கிற இடம்போல எழும்பி நின்றன. ஏதாவது பேச வேண்டும். நாளைக்கு மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேண்ணே என்று சொல்லலாம். நாளைக்கு இருக்குமா. மழையில் கரண்டு ஏறி இறங்கியது, பல்பு ஒரு தரம் அணைந்து எரிந்தது, மறுபடி துடித்தது. ஹோல்டரில் சரியாக உட்காரவில்லை போல. என் வேலையே அதுதானே, எலக்ட்ரிக்கல்ஸ் கடையில் நாள் முழுக்க பல்பை மாட்டிக் காட்டுவது, கழற்றுவது, பெட்டியில் போட்டுக் கொடுப்பது. எட்டி, எரிகிற பல்பை உள்ளங்கையால் பிடித்து அழுத்தித் திருகினேன், கடையில் திருகுவதுபோல, யோசிக்காமல். வாய் தன்போக்கில் முணுமுணுத்தது, கடையில் வாடிக்கையாளரிடம் சொல்வதுபோல: தொட்டுப் பாருங்க சார், எவ்வளவு நேரம் எரிஞ்சாலும் சூடே ஏறாது. கை பல்பிலேயே நின்றுவிட்டது. காலையிலிருந்து எரிகிற எல்.இ.டி. பல்பு. கண்ணாடி மாதிரித் தெரிகிற அந்தப் பிளாஸ்டிக் மண்டையில் என் ஈரக்கை விரித்துப் பிடித்தது பிடித்தபடி இருக்கிறது, சுடவில்லை, வெதுவெதுப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் குண்டு பல்பு, கழற்ற ஒரு துணி வைத்திருப்போம், மறந்து பிடித்தால் விரல் கொப்பளிக்கும், எனக்கே கொப்பளித்திருக்கிறது. பண்ணையில் எரிவது அந்தப் பல்பு. அந்தத் துணி கடையில் எப்போது காணாமல் போயிற்று என்று நினைவில்லை. சூடே ஏறாது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், எத்தனை பேர் கையைப் பிடிக்காத குறையாகத் தொட வைத்திருப்பேன், விற்கிற வாக்கியம், வயிற்றுப்பாட்டு வாக்கியம். வீட்டுக்குக் கொண்டுவந்து குஞ்சின் தலைக்கு மேல் கட்டியிருக்கிறேன். வெளிச்சம் போட்டால் போதும் என்று. வெளிச்சத்தில் எல்லாம் சரியாகத் தெரிகிறது, சுத்தமாகத் தெரிகிறது, அது நடுங்குவதுகூட நன்றாகத் தெரிந்தது. அண்ணன் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினானே. கண் கூசுகிறது என்றேன். ஊருக்கே மொழிபெயர்த்துச் சொன்னேன்.

குஞ்சை எடுத்தேன். கால் இரண்டும் குச்சி மாதிரி, சில்லிட்டு. என் கையும் மழையில் சில்லிட்டுத்தான் இருந்தது, ரவிக்கை ஈரம், என்னிடம் எங்கேயும் சூடு இல்லை. கட்டிலைச் சுற்றிச் சுவர்ப் பக்கம் போனேன், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஆள் நுழைய இடம் இல்லை, பக்கவாட்டில் நுழைந்து நின்றேன். இந்தப் பக்கத்திலிருந்து அவன் முகத்தைப் பார்த்ததே இல்லை. கண் திறந்திருந்தது. "அண்ணே" என்றேன். பார்க்கவில்லை. "நீ சொன்னது வெளங்கல எனக்கு. லைட்டுல சூடே இல்ல." கண் மெதுவாக வந்தது. குஞ்சைக் கழுத்துக்குழியில், ரோஸ் கறை இருந்த அதே இடத்தில் வைத்தேன். இடது கை எழுந்து வந்து மூடியது, மோவாய் இறங்கி மேலே ஒரு கூரைபோல நின்றது. நசுக்கவில்லை. அழுத்தம் எவ்வளவு என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது, நெரிசலில் பிள்ளைகளைப் படியிலிருந்து இறக்கிவிட்ட கை. பல்பை அணைத்தேன். அறை மழைக்கால மங்கலுக்கு வந்தது, குஞ்சு தெரியவில்லை, வயிறு ஏறுகிறதா இறங்குகிறதா தெரியவில்லை, அவன் தொண்டை அசைவது மட்டும் தெரிந்தது. அந்தச் சுவரிடுக்கில் நின்றபடி, போய்விட்டால் நல்லது என்ற வாக்கியம் வருகிறதா என்று உள்ளே பார்த்தேன். வரும். இன்றைக்கு இல்லாவிட்டால் வேறொரு நாள் காலையில் வரும், அதற்கு வழி தெரியும். மழைச் சத்தத்துக்குள் ஒரு சின்னக் கீச். அண்ணன் கண் பெரிதாயிற்று. அவன் காறை எலும்பு வழியாகப் பச்சையும் வெள்ளையுமாக ஒன்று வழிந்தது. எச்சம். காலையிலிருந்து போகாதது. அவன் அருவருப்பில் மூக்கைச் சுளித்து, உடனே, நல்ல பக்கம் முழுக்கச் சிரித்தான். இருக்கும் என்று சொல்ல முடியாது. சாயக்குஞ்சு. ஆனால் இந்த நிமிஷம் இருக்கிறது. துடைக்க வேண்டும். துண்டை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து நனைத்தேன். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர், மழையில் கிடந்த தண்ணீர், விரல் எலும்பு வரைக்கும் ஏறியது. நனைத்த துண்டைப் பிழிந்தேன், பிழிந்த துண்டோடு இரண்டு எட்டு வைத்தேன், நின்றேன். தினமும் காலையில் இதே குழாய், இதே துண்டு. படுத்துக் கிடந்த வெதுவெதுப்பான முதுகில் இதைத்தான் வைத்திருக்கிறேன். தோளை இழுத்துக்கொண்டது இதற்குத்தான். திரும்பி வந்து துண்டைக் குழாய்மேல் போட்டேன். சின்னச் சட்டியில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்து, பற்றவைத்து, விரலை உள்ளே விட்டுக்கொண்டு நின்றேன். அறையிலிருந்து, "ரைட்?" என்று கேட்டது. "இருண்ணே, வாரேன்" என்றேன். "சூடேறட்டும்."